பிளாட் டாப்ஸ் பகுதியில் எல்க் வேட்டை

பிளாட் டாப்ஸ் பகுதியில் எல்க் வேட்டை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிளாட் டாப்ஸ் வனாந்தரத்திலும் அதனைச் சூழ்ந்த தேசியக் காடுகளிலும் இலையுதிர் காலத்தில் உரிமம் பெற்று நடத்தப்படும் மான் வேட்டையைக் குறிக்கும். உலகிலேயே எல்க் மான்கள் மிகுதியாக வாழும் மாநிலம் கொலராடோ ஆகும். அம்மாநிலத்தின் மிகப் பெரிய எல்க் கூட்டமான வெள்ளாற்றுக் கூட்டம் இப்பகுதியிலேயே கோடையைக் கழிக்கின்றது. இருப்பினும் இங்கு வரும் வேட்டைக்காரர்களுள் பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். கொலராடோ மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே மான் கிடைக்கின்றது.

மான்கள் மிகுந்த இடத்தில் மான் கிடைக்காமல் போவது ஏன் என்பதே, புதிதாக இவ்வேட்டையில் இறங்குபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய செய்தியாகும். உயரம், காற்று, அடர்காடு, மனித நடமாட்டம் ஆகியன இதற்கான காரணங்கள். இவற்றுக்கு மேலாக, சுட்ட மானின் இறைச்சியைக் கெடாமல் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருதல் என்ற பணி உள்ளது. எங்கே, எவ்வளவு தொலைவில் வேட்டையாடலாம் என்பதை இறுதியில் முடிவு செய்வது அப்பணியே.

## பெயர்

எல்க் என்ற சொல் இடத்துக்கு இடம் வெவ்வேறு விலங்கைக் குறிக்கின்றது. வட அமெரிக்காவில் இது செர்வசு கனடென்சிசு என்னும் அறிவியற் பெயருடைய பெரிய மானைக் குறிக்கும். சானி இந்தியர்களின் மொழியிலிருந்து வந்த வாப்பிட்டி என்ற பெயரும் இதற்கு உண்டு. ஐரோப்பாவில் எல்க் எனப்படுவது, அமெரிக்கர் மூசு என அழைக்கும் வேறொரு விலங்காகும். இலங்கையிலும் குடியேற்றக் காலத்து ஆங்கிலேயர், தமிழில் மரை எனப்படும் சாம்பர் மானை எல்க் என்றே எழுதினர். 1850களில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டை நூலில் எல்க் என்று குறிப்பிடுவது மரையையே. இக்கட்டுரையில் எல்க் என்பது வட அமெரிக்க வாப்பிட்டியையே சுட்டுகின்றது.

## விலங்கின் இயல்பு

ராக்கி மலை எல்க் இனத்தின் வளர்ந்த ஆண் ஏறத்தாழ 320 கிலோகிராமும், பெண் ஏறத்தாழ 225 கிலோகிராமும் எடையுள்ளவை. ஆணுக்கு மட்டுமே கிளைத்த கொம்புகள் உண்டு. இவை ஆண்டுதோறும் இளவேனிலில் உதிர்ந்து மீண்டும் வளரும். செப்டம்பர் மாதம் இணைசேரும் காலமாகும். அப்போது ஆண் மான்கள் ஊதல் போன்ற நீண்ட ஒலியை எழுப்பும். கன்றுகள் பெரும்பாலும் மே மாத இறுதியிலும் சூன் மாதத்திலும் பிறக்கின்றன.

எல்க் மான்கள் விடியலிலும் அந்தியிலும் புல்வெளிகளில் மேயும். பகலில் நிழல் மிகுந்த காட்டுக்குள் படுத்து அசைபோடும். பெண் மான்களும் கன்றுகளும் கூட்டமாக வாழ்கின்றன. இணைசேரும் காலம் முடிந்ததும் முதிர்ந்த ஆண்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, இழந்த உடல் வலுவை மீட்பதற்காக எளிதில் எவரும் செல்லாத செங்குத்தான மறைவிடங்களை நாடும். அக்டோபர் இறுதியில் ஆண் மானைத் தேடி வரும் ஒருவர், செப்டம்பரில் அதன் ஒலி கேட்ட இடத்தில் அதனைக் காண முடியாமல் போவதற்கு இதுவே காரணம். பனி ஆழமாகப் பெய்யும்போது மான்கள் உயர்நிலத்தை விட்டுத் தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இடம்பெயரும்.

இவ்விலங்கின் புலன்களுள் மோப்பமே மிகக் கூர்மையானது. மனிதனைக் கண்ட மான் சற்று நின்று பார்க்கக்கூடும். மனித வாடையை அறிந்த மான் பெரும்பாலும் நிற்பதில்லை. ஒரு முறை கலைந்த கூட்டம் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்ற பின்னரே அமைதியடையும்.

## நிலப்பரப்பு

பெயருக்கேற்ப, பிளாட் டாப்ஸ் என்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறையால் மூடப்பட்ட தட்டையான உச்சிகளைக் கொண்ட மேட்டுநிலமாகும். உச்சி தட்டையாயினும் அதன் விளிம்புகள் செங்குத்தானவை. இம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கே மீக்கர், கிழக்கே யாம்பா, தெற்கே கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் ஆகியன அருகிலுள்ள ஊர்கள்.

1964 ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின் கீழ், 1975 இல் இப்பகுதி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 2,35,000 ஏக்கர். இது வெள்ளாறு, ரவுட் ஆகிய இரு தேசியக் காடுகளுக்குள் அமைந்துள்ளது. வனாந்தரத்தினுள் மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமன்றி மிதிவண்டிகளுக்கும் அனுமதி இல்லை. நடந்தோ குதிரை அல்லது கோவேறு கழுதையின் உதவியுடனோதான் செல்லவேண்டும்.

இங்குள்ள காடுகள் பெரும்பாலும் ஸ்புரூஸ், ஃபிர் ஆகிய ஊசியிலை மரங்களால் ஆனவை. தாழ்ந்த சரிவுகளில் ஆஸ்பென் மரங்கள் உள்ளன. 1940களில் பரவிய மரப்பட்டை வண்டுகளால் இம்மேட்டுநிலத்தின் ஸ்புரூஸ் காடுகள் பெருமளவில் அழிந்தன. 2002 இல் டிராப்பர்ஸ் ஏரியைச் சூழ்ந்த காடு தீக்கிரையானது. இவ்வாறு இறந்த மரங்கள் விழுந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடங்களில், வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரியும் தொலைவைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மான்கள் இத்தகைய இடங்களைத் தமக்குப் பாதுகாப்பானவையாகப் பயன்படுத்துகின்றன.

## வரலாறு

இந்நிலம் யூட் பழங்குடி மக்களின் வேட்டை நிலமாகும். 1879 இல் வெள்ளாற்று முகாமில் அரசு முகவர் நேத்தன் மீக்கருக்கும் யூட் மக்களுக்கும் இடையே எழுந்த மோதலில் மீக்கர் கொல்லப்பட்டார். அதன் பின்னர், 1881 இல், வெள்ளாற்று யூட் மக்கள் இந்நிலத்திலிருந்து யூட்டாவுக்கு வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய மலைகள் 1891 இல் காட்டு ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. இது ஐக்கிய அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்ட இரண்டாவது காட்டு ஒதுக்கமாகும்.

அக்காலத்தில் சுரங்க ஊர்களுக்கு இறைச்சி விற்பதற்காக நடந்த வணிக வேட்டையினால் எல்க் இனம் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1910 அளவில் கொலராடோ முழுவதிலும் எஞ்சியவை 1,000 அல்லது அதற்கும் குறைவான மான்களே. 1900 இல் இயற்றப்பட்ட லேசி சட்டம், சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலங்களிடையே வணிகம் செய்வதைத் தடை செய்தது. கொலராடோவில் 1903 முதல் 1929 வரை எல்க் வேட்டை நிறுத்தப்பட்டிருந்தது. இடைக்காலத்தில் வயோமிங்கிலிருந்து மான்கள் கொண்டுவரப்பட்டு விடப்பட்டன. 1937 ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரியைக் காட்டுயிர்ப் பேணலுக்கு ஒதுக்கியது.

டிராப்பர்ஸ் ஏரிக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. 1919 இல் அங்கே கோடை இல்லங்களுக்கு மனை அளக்க அனுப்பப்பட்ட காட்டுத்துறை ஊழியர் ஆர்தர் கார்ஹார்ட், அவ்விடத்தில் எதையும் கட்டாமல் விடுதலே நன்று எனப் பரிந்துரைத்தார். வனாந்தரம் என்னும் பாதுகாப்புக் கருத்தின் தொட்டில் என அவ்வேரி இதனாற் போற்றப்படுகின்றது.

## உரிமமும் விதிகளும்

கொலராடோ பூங்கா மற்றும் காட்டுயிர்த் துறை, மாநிலத்தைப் பல வேட்டை மேலாண்மை அலகுகளாகப் பிரித்துள்ளது. செப்டம்பரில் வில் வேட்டையும், அதே மாதத்தின் நடுப்பகுதியில் குழல்வாய் வழியாக மருந்திடும் பழைய முறைத் துப்பாக்கி வேட்டையும் நடைபெறும். அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் வரை ரைபிள் துப்பாக்கிக்கு நான்கு பருவங்கள் உள்ளன. இவற்றுள் இரண்டாம், மூன்றாம் பருவங்களில் பல அலகுகளில் ஆண் மானுக்கான உரிமத்தைக் குலுக்கல் இன்றி நேரடியாக வாங்கலாம். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலிற் பெறவேண்டும். வெளி மாநிலத்தவர் குலுக்கல் இன்றி வாங்கிவந்த வில் வேட்டை உரிமம் 2025 முதல் குலுக்கலுக்கு உட்படுத்தப்பட்டது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், அவ்வாண்டின் விதிக் கையேட்டைப் படித்தறிதல் இன்றியமையாதது.

புதியவர் அறிந்திருக்க வேண்டிய முதன்மை விதிகள் பின்வருமாறு:

* 1949 சனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர் வேட்டைக் கல்விச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.
* பெரும்பாலான அலகுகளில், ஆண் மானின் ஒரு கொம்பிலாவது குறைந்தது நான்கு முனைகள் இருக்கவேண்டும், அல்லது நெற்றிக் கிளை குறைந்தது 5 அங்குல நீளம் இருக்கவேண்டும். இளம் ஆண் மான்களைக் காப்பது இவ்விதியின் நோக்கம்.
* துப்பாக்கி வேட்டையாடுவோர் ஒளிரும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிற மேலாடையும் தலையணியும் அணியவேண்டும். மேலாடையில் அந்நிறம் குறைந்தது 500 சதுர அங்குலம் தெரிய வேண்டும்.
* சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைவுக்கு அரை மணி நேரம் பின் வரை மட்டுமே வேட்டையாடலாம்.
* தனியார் நிலத்தில் வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாவிட்டாலும், உரிமையாளரின் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது.
* உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுச் செல்வது குற்றம்.

அண்டை மாநிலமான வயோமிங்கில், வெளி மாநிலத்தவர் வனாந்தரத்துக்குள் பெருவிலங்கு வேட்டையாடுவதானால் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்த் துணைவரோ உடன் செல்லவேண்டும். கொலராடோவில் இக்கட்டாயம் இல்லை. எனவே முன் அனுபவம் இல்லாத ஒருவர் தனியாகவே பிளாட் டாப்ஸ் பகுதிக்குள் நுழைந்துவிட இயலும். சட்டம் தடுக்காத இடத்தில், தம் எல்லையைத் தாமே வகுத்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதாகின்றது.

## மான்கள் கிடைக்காமைக்குக் காரணங்கள்

பெரிய கூட்டம் என்பது சீராகப் பரவிய கூட்டம் அன்று. குறிப்பிட்ட நாளில் ஒரு பள்ளத்தாக்கில் நூறு மான்கள் இருக்கலாம். அதனை அடுத்த மூன்று பள்ளத்தாக்குகளில் ஒன்று கூட இல்லாதிருக்கலாம். பருவத்தின் முதல் நாளன்று வண்டிப்பாதைகளுக்கு அருகிலும் நடைபாதைகளின் ஓரங்களிலும் மக்கள் நிறைகின்றனர். மான்கள் ஓரிரு நாட்களுக்குள் அவ்விடங்களை விட்டு அகலுகின்றன.

அவ்வாறு அகலும் மான்கள் இரு வகையான இடங்களை நாடும். ஒன்று, வடக்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் உள்ள இருண்ட காடு. மற்றொன்று, வேட்டைக்காரர் குறைவாக உள்ள தனியார் பண்ணை நிலம். வடமேற்குக் கொலராடோவில் மான்களுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து நடத்தப்பட்டு 2001 இல் வெளியான ஆய்வொன்று, பருவத்தின் தொடக்கத்தில் நிகழும் வேட்டையே மான்களைப் பொது நிலத்திலிருந்து தனியார் நிலத்துக்குத் தள்ளுவதைக் காட்டியது. ஆகவே பின்னைய பருவத்தில் வருபவர், தமக்கு முன் வந்தவர்களால் ஏற்கனவே கலைக்கப்பட்ட நிலத்தையே பெறுகின்றார்.

இயற்கை நிகழ்வுகளும் நிலைமையை மாற்றுகின்றன. 2022–23 ஆம் ஆண்டின் கடும் பனிக்காலத்தில் வடமேற்குக் கொலராடோவில் மான்கள் பெருமளவில் இறந்தன. அதனால் 2023 இல் அப்பகுதிக்கான உரிமங்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. 2025 ஆகத்து மாதத்தில் மீக்கர் நகருக்கு அண்மையில் எரிந்த லீ காட்டுத்தீ 1,30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பாதித்தது. பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் கூறிய அறிவுரை இன்று பொருந்தாமற் போவதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

## இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர் அனுபவமுள்ளவரிடம் கேட்கும் முதற் கேள்வி, எங்கே செல்லவேண்டும் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். இதற்கு நேரடி விடை அரிதாகவே கிடைக்கின்றது. பல ஆண்டுகள் நடந்து கண்டுபிடித்த இடத்தை ஒருவர் எளிதில் சொல்லிவிட மாட்டார் என்பது ஒரு காரணம். சொன்னாலும், அங்கே மான் எப்போது, எக்காற்றில், எவ்வளவு பனியில் நிற்கும் என்பதை அறியாதவருக்கு இடப்பெயர் பயன்படாது என்பது அதனினும் முக்கியமான காரணம். எனவே இடத்தைக் கேட்பதை விட, நிலத்தைப் படிக்கும் முறையைக் கேட்பது கூடுதல் பயன் தரும்.

காட்டுயிர்த் துறை ஒவ்வோர் அலகுக்கும் வேட்டைப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. தொலைபேசி வழியே அறிவுரை கூறும் வேட்டைத் திட்ட ஆலோசகர்களும் அத்துறையில் உள்ளனர். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் இடவிளக்கப் படங்களில் சமவுயரக் கோடுகளைப் பார்த்துப் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளலாம்:

* மேய்ச்சலுக்கு ஏற்ற சிறு புல்வெளிகள், குறிப்பாகப் பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாதவை.
* அவற்றுக்கு அருகே வடக்கு அல்லது வடகிழக்கு நோக்கிய அடர்காடு.
* சரிவின் நடுவே அமைந்த சிறு சமதளங்கள். மான்கள் இவற்றில் படுக்கும்.
* ஊற்றுகளும் சேற்றுக்குழிகளும்.
* இரு பள்ளத்தாக்குகளை இணைக்கும் தாழ்வான மலைக் கணவாய்கள்.

இவ்வாறு குறித்த இடங்களைக் கோடையில் ஒரு முறை நடந்து பார்ப்பது சிறந்தது. அது இயலாதவர் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னரே வந்து சேருதல் நன்று. ஒரே இடத்தை நம்பி வராமல், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மூன்று அல்லது நான்கு இடங்களை முன்கூட்டியே திட்டமிடுதல் வழக்கமாகும்.

பொது நிலத்தின் எல்லையை அறிதலும் இதனுள் அடங்கும். மேற்கு மாநிலங்களின் பல பகுதிகளில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை போல் மாறி மாறி அமைந்துள்ளன. வயோமிங்கின் எல்க் மலையில், 2021 இல், நான்கு வேட்டைக்காரர் தனியார் நிலத்தில் கால் வைக்காமல் ஒரு பொது நிலச் சதுரத்தின் மூலையிலிருந்து அடுத்ததன் மூலைக்குக் கடந்தமை வழக்காயிற்று. கொலராடோவையும் உள்ளடக்கிய பத்தாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், 2025 மார்ச்சில், 1885 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் அடிப்படையில் வேட்டைக்காரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

## தேடும் முறை

மலைச் சரிவுகளில் காற்றின் போக்கு நேரத்துக்கு ஏற்ப மாறும். வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவின் மேல்நோக்கிச் செல்லும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். விடியலில், வெயில் படும் முன்னரும் காற்று கீழ்நோக்கியே இருக்கும். இதனால் காலையில் கீழிருந்து மேலேறும் ஒருவரின் வாடை, வெயில் ஏறிய பின் அவருக்கு முன்பாகவே மான்களைச் சென்றடையும். அனுபவமுள்ளோர் இருட்டிலேயே உயரத்தை அடைந்து, காற்று மேல்நோக்கித் திரும்பிய பின் மேலிருந்து கீழாகவோ பக்கவாட்டிலோ தேடுவர். மெல்லிய தூளைச் சிறு குப்பியில் எடுத்துச் சென்று, அவ்வப்போது தூவிக் காற்றின் திசையை அறிவதும் உண்டு.

தடங்களைப் படிக்கும்போது அவற்றின் புதுமையே முக்கியம். ஈரமும் பளபளப்பும் உள்ள புழுக்கை, விளிம்பு உடையாத குளம்படி, படுத்தெழுந்த இடத்தில் எஞ்சிய கடும் வாடை ஆகியன மான்கள் அண்மையில் இருப்பதைக் காட்டும். உலர்ந்த புழுக்கையும் பட்டை உரிந்த மரங்களும் எவ்வளவு மிகுந்திருந்தாலும், அவை மான்கள் முன்னர் இருந்தன என்பதையே கூறுகின்றன. புதியவர்கள் பழைய தடங்கள் நிறைந்த இடத்தில் பல நாட்களை வீணாக்குவது அடிக்கடி நிகழும் தவறாகும். ஒரு நாள் முழுவதும் தேடியும் புதிய தடம் காணாவிட்டால் அடுத்த இடத்துக்குச் செல்வதே முறை.

திறந்த வெளிகளில் நடப்பதை விட, உயரமான ஓரிடத்தில் அமர்ந்து தொலைநோக்கியால் எதிர்ச் சரிவைப் பொறுமையாக ஆராய்வது பயன் தரும். முழு மானும் அரிதாகவே கண்ணிற்படும். காது, பின்புறத்தின் வெளிறிய நிறம், மரங்களுக்கிடையே கிடையாகத் தெரியும் முதுகுக் கோடு ஆகியவற்றையே தேடவேண்டும்.

## சுடுதலும் பின்தொடர்தலும்

எல்க் உறுதியான உடலமைப்புடைய விலங்கு. நெஞ்சுப் பகுதியில் நன்கு பட்ட தோட்டாவுக்குப் பின்னும் அது சிறிது தூரம் ஓடக்கூடும். தவறான இடத்திற் பட்டால் பல கிலோமீட்டர் சென்று, எவர் கண்ணிலும் படாமல் வலியுடன் இறக்கும். ஆகவே பயிற்சியின்போது உறுதியாகச் சுட முடிந்த தொலைவுக்கு அப்பால் மலையில் சுடாதிருத்தல், வேட்டை ஒழுக்கத்தின் முதல் விதியாகக் கருதப்படுகின்றது. மூச்சு வாங்க ஏறி வந்த நிலையில், குளிரில், சாய்ந்த தரையில் அத்தொலைவு மேலும் குறையும்.

சுட்ட பின் மான் நின்றிருந்த இடத்தை அடையாளமிட்டு, விழுந்ததைக் காணாவிட்டால் ஏறத்தாழ அரை மணி நேரம் காத்திருந்து, பின்னர் குருதித் தடத்தைப் பின்தொடர்வர். உடனே விரட்டப்படும் மான் மேலும் தொலைவு ஓடும். ஓட்டம் தென்பட்டதனால் தோட்டா படவில்லை என்று முடிவு செய்து திரும்பிவிடுதல் புதியவர்கள் செய்யும் பெரும் பிழையாகும்.

## இறைச்சியை வெளிக்கொணர்தல்

மான் விழுந்தவுடன் வேட்டையின் கடினமான பகுதி தொடங்குகின்றது. வளர்ந்த ஆண் மானிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சியாக ஏறத்தாழ 80 முதல் 110 கிலோகிராம் வரை கிடைக்கும். ஒருவர் கரடுமுரடான நிலத்தில் ஒரு முறைக்கு 25 அல்லது 30 கிலோகிராம் சுமக்கலாம். அவ்வாறாயின் ஏறத்தாழ நான்கு சுமைகள் ஆகும். மான் விழுந்த இடம் வண்டிப்பாதையிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சுமையுடன் நான்கு முறை வெளியே வரவும், வெறுமனே மூன்று முறை திரும்பிச் செல்லவும் வேண்டும். மொத்த நடை 35 கிலோமீட்டர் ஆகின்றது. தனியாக இருப்பவருக்கு இது இரண்டு அல்லது மூன்று நாள் வேலை.

அதற்குள் இறைச்சி கெடக்கூடாது. எல்க்கின் தடித்த தோலும் பருத்த தசையும் உடற்சூட்டை நெடுநேரம் அடக்கி வைக்கும். தொடை எலும்பைச் சுற்றியுள்ள தசை முதலில் கெடத் தொடங்கும். ஆகவே தாமதமின்றித் தோலை உரித்து, உடலை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிடுவர். செப்டம்பரின் வெம்மையான பகலில் சில மணி நேரத் தாமதமும் இழப்பை ஏற்படுத்தும். நவம்பர்ப் பனியில் சற்று அவகாசம் உண்டு. இப்பகுதியில் கருங்கரடிகள் வாழ்வதால், பைகளை உயரத்தில் கட்டுவதும் வெட்டிய மிச்சங்களிலிருந்து அப்பால் வைப்பதும் தேவை. விலங்கின் பாலைக் காட்டும் உறுப்பை ஒரு பகுதியுடன் இயல்பாக ஒட்டியவாறே விடவேண்டும் என்பது விதி.

உள்ளூரில் சுமைக்குதிரைகளை வாடகைக்கு அமர்த்தும் தொழில் நடத்துவோர் உள்ளனர். பொதுவாக ஒரு மானுக்கு இரண்டு குதிரைகள் தேவைப்படும். இவ்வுதவியை மான் விழுந்த பின் தேடுவதை விட, வருவதற்கு முன்னரே பேசி வைத்துக்கொள்வது நன்று.

மேற்கூறிய கணக்கிலிருந்து ஒரு நடைமுறை விதி பெறப்படுகின்றது. ஒருவர் எவ்வளவு தொலைவு நடந்து செல்ல முடியும் என்பது அவருடைய எல்லை அன்று. எவ்வளவு தொலைவிலிருந்து முழு மானையும் கெடாமல் கொண்டுவர முடியும் என்பதே எல்லை. மக்கள் செல்லாத இடத்தில் மான்கள் இருக்கும் என்பது உண்மை. ஆயினும் அவ்விடம் எப்போதும் தொலைவில் இருக்கவேண்டும் என்பதில்லை. பாதைக்கு மிக அருகே, ஆனால் அனைவரும் கடந்து செல்லும் ஒரு செங்குத்தான பள்ளத்திலோ விழுமரக் காட்டிலோ அது அமையலாம். முதல் முறை வருபவருக்கு, ஆழமாக உள்ளே செல்வதை விட இத்தகைய அண்மை மறைவிடங்களைத் தேடுவது பொருத்தமானது.

## பாதுகாப்பு

3,000 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி கடல்மட்டத்தில் கிடைப்பதை விட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாகும். தாழ்நிலத்திலிருந்து நேராக வந்து முதல் நாளே மலையேறுபவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியன ஏற்படலாம். இரண்டு மூன்று நாட்கள் உடலைப் பழக்குவதும், நீர் மிகுதியாகப் பருகுவதும் நன்மை தரும். அறிகுறிகள் கடுமையானால் கீழே இறங்குவதே உரிய மருத்துவம்.

அக்டோபரில் காலையில் வெயிலும் மாலையில் பனிப்புயலும் ஒரே நாளில் நிகழக்கூடும். நனைந்த பருத்தி ஆடை உடற்சூட்டை விரைவாக இழக்கச் செய்யும் என்பதால் கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகள் விரும்பப்படுகின்றன. திசைகாட்டி, தாள் வரைபடம், தீமூட்டும் பொருள், தலைவிளக்கு ஆகியன எப்போதும் உடன் இருக்கவேண்டும். பள்ளத்தாக்குகளில் கைபேசி அலை பெரும்பாலும் கிட்டுவதில்லை. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி ஒருவரிடம் விட்டுச் செல்வது பழமையான முறையாயினும் இன்றும் உயிர் காப்பது. சுமையுடன் இருட்டில் இறங்கும்போது சறுக்கி விழுதலும், இறைச்சியைப் பிரிக்கும்போது கத்தியால் கையை வெட்டிக்கொள்வதும் எதிர்பார்க்க வேண்டிய விபத்துகள்.

## நோயும் கருத்து வேறுபாடுகளும்

நாட்பட்ட மெலிவு நோய் எனப்படும் மூளை நோய் மான் இனங்களைத் தாக்கி இறுதியில் கொல்வது. இது முதன்முதலில் 1967 இல் கொலராடோவின் ஆய்வுக் கூடமொன்றில் வளர்க்கப்பட்ட மான்களிடம் காணப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக உறுதி செய்யப்படவில்லை. இருப்பினும் நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் அறிவுறுத்துகின்றன. சுட்ட மானின் தலையை ஆய்வுக்கு அளிக்கும் வசதி உண்டு.

2020 இல் நடந்த வாக்கெடுப்பின்படி, 2023 டிசம்பர் முதல் கொலராடோவில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. இவை எல்க் எண்ணிக்கையை எவ்வாறு பாதிக்கும் என்பது பற்றி வேட்டைக்காரர், பண்ணையாளர், இயற்கை ஆர்வலர் ஆகியோரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. வேட்டையையே எதிர்ப்போர், விலங்கின் துன்பத்தையும், பொழுதுபோக்குக்காகக் கொல்வதன் நியாயத்தையும் வினவுகின்றனர். ஆதரிப்போர், உரிமக் கட்டணமே காட்டுயிர்ப் பேணலின் பெரும் வருவாய் என்பதையும், ஒரு மானின் இறைச்சி ஒரு குடும்பத்துக்குப் பல மாத உணவாவதையும் சுட்டிக்காட்டுகின்றனர். இரு தரப்பினரும் ஏற்கும் ஒன்று உண்டு. காயப்பட்டுத் தப்பிய மானும், எடுத்துவர இயலாமல் காட்டில் அழுகிய இறைச்சியும் எவ்விதத்திலும் ஏற்கத்தக்கவை அல்ல.

## இவற்றையும் பார்க்க

* வாப்பிட்டி
* மரை
* ராக்கி மலைத்தொடர்
* கொலராடோ
* யூட் மக்கள்
* காட்டுயிர்ப் பேணல்